62 வெள்ளி புரோபயாட்டிக் டப்பாவும் எங்க வீட்டு தயிர் கிண்ணமும்

போன வருஷம் இங்க சிங்கப்பூர்ல எங்க பெரியவனுக்கு காதுல இன்ஃபெக்ஷன் வந்து டாக்டர் 7 நாளைக்கு ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்க, மூணாவது நாளே வயித்தால போக ஆரம்பிச்சிடுச்சு, நான் பதட்டத்துல ஆபீஸ்லேர்ந்து வர்ற வழியிலயே ஒரு மருந்துக்கடைக்குள்ள நுழைஞ்சு இருக்கறதுலயே விலை கூடுன புரோபயாட்டிக் டப்பாவ 62 வெள்ளி குடுத்து தூக்கிட்டு வந்தேன். வந்த வேகத்துல ரைஸ் குக்கருக்கு மேல இருக்கற ஷெல்ஃப்ல வச்சாச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அம்மா கண்ணாடிய போட்டுக்கிட்டு லேபிள படிச்சிட்டு, "ஃபிரிட்ஜ்ல வைக்கணும்னு போட்டிருக்கேடா, நீ தெனம் ஆவி புடிக்க விட்டிருக்க"ன்னாங்க.

அப்பதான் இதப்பத்தி ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். எங்க வீட்டுல பிரைமரி மூணு படிக்கறவன் ஒருத்தன், பாலர் பள்ளி போற சின்னது ஒண்ணு, சர்க்கரை மாத்திரை போடற அம்மா, எப்ப பாத்தாலும் வயிறு உப்புசம்னு சொல்ற வீட்டுக்காரி, இந்த நாலு பேருக்கும் ஒரே டப்பா ஒத்துவராதுங்கறதுதான் நான் மொதல்ல புரிஞ்சுக்கிட்டது.

2001-ல உலக சுகாதார நிறுவனமும் ஐநா உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டுன நிபுணர் குழு புரோபயாட்டிக்னா என்னன்னு ஒரு விளக்கம் குடுத்துச்சு. நம்ம பாஷையில சொன்னா, உயிரோட இருக்கணும், போதுமான அளவு உள்ள போகணும், போனா உடம்புக்கு நல்லது நடக்கணும். இந்த மூணையும் கையில வச்சுக்கிட்டு உங்க அடுப்படிய ஒரு சுத்து சுத்தி பாருங்க. இட்லி மாவு புளிக்கறது பாக்டீரியாவாலதான், சந்தேகமே இல்ல, ஆனா இட்லியா வேக வச்ச உடனே அதெல்லாம் செத்துடும், புளிச்சதால சுலபமா செரிக்கும்ங்கறது வேற விஷயம். புளிக்க வச்ச சோயா கட்டியான டெம்பேவும் அதே கதைதான், பொரிச்சா முடிஞ்சது. வினிகர் ஊத்தி பாட்டில்ல அடைச்ச ஊறுகாய்ல ஒண்ணும் எதிர்பார்க்காதீங்க. கிம்ச்சி, அதான் கொரியாக்காரங்க புளிக்க வைக்கற காரமான முட்டைக்கோஸ், சூடு பண்ணாம ஃபிரிட்ஜ்ல வச்சு விக்கறதா இருந்தா உயிரோட இருக்கும், ஆனா உப்பும் காரமும் சின்ன புள்ளைக்கு ஆகாது. பழைய சோத்த பத்தி யாராவது சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும், எனக்கும் சின்ன வெங்காயத்தோட பழையது உயிர்தான், ஆனா நம்ம ஊரு சூட்டுல ராத்திரி பூரா வெளிய இருக்கற சோத்துல நல்லதோட சேந்து கெட்டதும் வளரும், வாந்தி பேதி வர வைக்கற பேசில்லஸ் சீரியஸ்ங்கற (Bacillus cereus) கிருமி சோத்துலதான் குடியிருக்கும், அதனால கைக்குழந்தைக்கும் உடம்பு முடியாத பெரியவங்களுக்கும் நான் குடுக்க மாட்டேன்.

மிச்சம் இருக்கறது தயிர். கறாரா பேசினா வீட்டு தயிர புரோபயாட்டிக்னு சொல்ல முடியாது, அதுல எந்த ஸ்ட்ரெயின், அதாவது பாக்டீரியாவோட எந்த உள்வகை, எவ்வளவு இருக்குன்னு யாரும் எண்ணி பாக்கல. ஆனாலும் பாலு குடிச்சா வயிறு உப்புற ஆளுங்களுக்கு தயிர் ஒத்துக்கும், ஏன்னா அதுல இருக்கற பாக்டீரியா பால்ல உள்ள லாக்டோஸ்ங்கற சர்க்கரைய செரிக்க ஒத்தாசை பண்ணும், இதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு, ஐரோப்பாவுல லேபிள்ல போட அனுமதி குடுத்திருக்கற அளவுக்கு. எங்க வீட்டுக்காரி உப்புசம் பாதி அங்கயே தீந்துச்சு, காலையில பால் காப்பிய குறைச்சிட்டு மத்தியானம் மோரு, அவ்ளோதான்.

சரி, உறை ஊத்தற கதைக்கு வருவோம், இத ஊர்ல செஞ்ச மாதிரியே இங்க செஞ்சா சில நாள் சரியா வராது.

பாலு ஃபுல் கிரீம் ஃப்ரெஷ் மில்க் எடுத்துக்கங்க, லோ ஃபேட்ல செஞ்சா தண்ணியா நிக்கும். பாக்கெட்டுல பாஸ்ச்சரைஸ்னு போட்டிருந்தாலும் ஒரு தடவ பொங்க விட்டு சின்ன தீயில அஞ்சு பத்து நிமிஷம் வைங்க, அப்படி காய்ச்சினா பால்ல உள்ள புரதம் இளகி தயிர் கெட்டியா விழும். அப்புறம் ஆற விடுங்க. 40-லேர்ந்து 45 டிகிரி, இதுதான் அந்த பாக்டீரியாவுக்கு புடிச்ச சூடு, தெர்மாமீட்டர் இல்லாதவங்க சுண்டு விரல விட்டு பத்து எண்ணுங்க, சுடாம கதகதப்பா தாங்கணும். அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உறை போதும். நிறைய உறை விட்டா கெட்டியாகும்னு நெனைக்காதீங்க, புளிப்புதான் ஏறும்.

மொத உறைக்கு எங்க போறதுன்னா, பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒரு கரண்டி கேளுங்க, இல்லன்னா லிட்டில் இந்தியா தேக்கா பக்கம் போறப்ப தயிர் டப்பா ஒண்ணு, அதுவும் இல்லன்னா ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங் மாதிரி சூப்பர்மார்க்கெட்டுல சர்க்கரை சேக்காத பிளெய்ன் யோகர்ட். லைவ் கல்ச்சர்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க, சிலது புளிச்சப்புறம் மறுபடி சூடு காட்டி விக்கறாங்க, அதுல உறை விட்டா காலையில பால் பாலாவே இருக்கும்.

இங்க சாதாரண நாள்ல அடுக்களை மேடையில மூடி வச்சா ஆறேழு மணி நேரத்துல உறைஞ்சிடும். டிசம்பர் மழை நேரத்துலயும், ஹால்லேர்ந்து ஏர்கான் காத்து அடுக்களைக்குள்ள வர்ற வீட்டுலயும்தான் தகராறு. அதுக்கு ஓவன ஆன் பண்ணாம உள்ள லைட்ட மட்டும் போட்டு பாத்திரத்த உள்ள வைங்க, இல்லன்னா சாப்பாடு கொண்டு போற ஹாட்பேக்ல ஊத்தி துண்டு சுத்தி வைங்க. ரைஸ் குக்கர்ல கீப் வார்ம் போட்டு வைக்கற புத்திசாலிங்க இருக்காங்க, நானும் ஒரு நாள் இருந்தேன், அந்த சூடு 60 டிகிரிக்கு மேல போகும், உறை செத்து பாலு திரிஞ்சு நின்னுச்சு. உறைஞ்ச உடனே ஃபிரிட்ஜுக்கு மாத்திடுங்க. வாரக்கணக்குல அதே உறையில ஓட்டிட்டே இருந்தா ஒரு நாள் நூல் நூலா வழவழன்னு வரும், அப்ப அத சாப்பிட்டு சோதனை பண்ணாம கொட்டிட்டு புது உறை ஆரம்பிங்க.

குழந்தைக்கு ஆறு மாசத்துக்கு மேல திட உணவு ஆரம்பிச்சப்புறம் பிளெய்ன் தயிர் ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூன் குடுக்கலாம், பால் அலர்ஜி இருந்தா டாக்டர கேட்டுட்டு. ஒரு வயசு ஆகற வரைக்கும் தேன் கலக்காதீங்க, பாட்டிங்க என்ன சொன்னாலும் சரி.

அடுத்தது அந்த குட்டி பாட்டில். யாகுல்ட் இங்க 1979-லேர்ந்து விக்குது, செனோக்கோவுல ஃபேக்டரி இருக்கு, ஜப்பான்ல மினோரு ஷிரோட்டாங்கற டாக்டர் 1930-ல கண்டுபுடிச்ச பாக்டீரியாவ வச்சு 1935-ல விக்க ஆரம்பிச்சது. அதுல இருக்கறது ஒரே ஒரு ஸ்ட்ரெயின், உயிரோட, நெறையவே இருக்கு, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா இந்த மாதிரி கல்ச்சர்ட் மில்க் எந்த கம்பெனியோடதா இருந்தாலும் சர்க்கரைய பாருங்க. 2022 டிசம்பர் கடைசியிலேர்ந்து பாட்டில் பாக்கெட் பானத்துக்கு ஏ-லேர்ந்து டி வரைக்கும் தரம் போடற நியூட்ரி கிரேடு வந்திருக்குல்ல, 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல சர்க்கரை இருந்தா டி, 5-க்கு மேல இருந்தா சி. 4 கிராம்னா ஒரு டீஸ்பூன் சர்க்கரை, கணக்கு போட்டுக்கங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு தப்பில்ல, எங்க சின்னது மூணு கேக்கும், அங்கதான் பிரச்சனை. அம்மாவுக்கு சர்க்கரை இருக்கறதால அவங்களுக்கு மோருதான், அதுலயும் உப்பு கொஞ்சமா, பிபி இருக்கற வீட்டுல மோருக்கு உப்ப அள்ளி போடறது நம்ம ஆளுங்க கெட்ட பழக்கம்.

இப்ப கேப்சூல், சாஷே. இதுக்கு எப்ப காசு செலவு பண்ணலாம்னா, என்னை கேட்டா ஆன்டிபயாட்டிக் சாப்பிடற நேரம். பசங்களுக்கு நடந்த 33 ஆராய்ச்சிகள சேத்து 2019-ல மருத்துவ ஆராய்ச்சிகள அலசி பாக்கற காக்ரேன் அமைப்பு ஒரு அறிக்கை போட்டாங்க, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட 100 பசங்கள்ல புரோபயாட்டிக் இல்லாம 19 பேருக்கு வயித்தால போச்சு, சேத்து குடுத்தப்ப 8 பேருக்கு. நல்லா வேலை செஞ்சதா அவங்க சொல்றது ரெண்டு, லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ், சாக்கரோமைசஸ் புலார்டி, ஒரு நாளைக்கு 5-லேர்ந்து 40 பில்லியன் நுண்ணுயிர், அதாவது 500 கோடியிலேர்ந்து 4000 கோடி. புலார்டிங்கறது பாக்டீரியாவே இல்ல, ஈஸ்ட், அதனால ஆன்டிபயாட்டிக் அத ஒண்ணும் பண்ணாது, 1920-கள்ல ஒரு ஃபிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவுல லிச்சி, மங்குஸ்தான் பழத்துலேர்ந்து பிரிச்செடுத்தது (மங்குஸ்தான் சீசன்ல தோல தூக்கி போடறப்பல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்). பாக்டீரியா வகைய குடுக்கறதா இருந்தா ஆன்டிபயாட்டிக்குக்கும் அதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. மொத நாளே ஆரம்பிங்க, நான் பண்ண மாதிரி வயித்தால போனப்புறம் ஓடாதீங்க. மருந்து எழுதற டாக்டர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்க, குறிப்பா வேற நோய் இருக்கற புள்ளைன்னா. கோர்ஸ் முடிஞ்சதும் மாசக்கணக்குல இழுக்கவும் வேணாம், 2018-ல இஸ்ரேல்ல பெரியவங்கள வச்சு ஒரு சின்ன ஆராய்ச்சி நடந்துச்சு, ஆன்டிபயாட்டிக்குக்கு அப்புறம் பல ஸ்ட்ரெயின் கலந்த டப்பா சாப்பிட்டவங்களுக்கு குடல்ல சொந்த பாக்டீரியா திரும்பி வர இன்னும் லேட்டாச்சாம்.

சாதாரணமா வர்ற வாந்தி பேதிக்கு இது வேற கணக்கு. 2018-ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் வாந்தி பேதியோட எமர்ஜென்சிக்கு வந்த பசங்ககிட்ட ரெண்டு பெரிய ஆராய்ச்சி பண்ணி பாத்தாங்க, புரோபயாட்டிக் குடுத்தவங்களுக்கும் குடுக்காதவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. அந்த நேரத்துல 62 வெள்ளி டப்பாவ விட உப்பு சர்க்கரை கரைசல் போடற ஓஆர்எஸ் பாக்கெட்டுதான் முக்கியம். மலத்துல ரத்தம், கூடுன காய்ச்சல், ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு போகல, புள்ள துவண்டு கெடக்குன்னா புரோபயாட்டிக் ஆராய்ச்சிய அப்புறம் பாத்துக்கலாம், டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

லேபிள எப்படி படிக்கறதுன்னா பேரு மூணு துண்டா இருக்கணும், குடும்பப்பேரு, சொந்தப்பேரு, அப்புறம் ஜிஜி (GG), பிபி-12 (BB-12) மாதிரி ஒரு அடையாளம். அந்த மூணாவது துண்டு இல்லாம சும்மா லாக்டோபேசில்லஸ்னு மட்டும் போட்டிருந்தா எந்த ஆராய்ச்சியோட அத ஒப்பிடறது, விட்டுட்டு வாங்க. 2020-ல லாக்டோபேசில்லஸ் குடும்பத்த விஞ்ஞானிங்க 25 குடும்பமா பிரிச்சிட்டாங்க, அதனால லாக்டிகேசிபேசில்லஸ்னு வாய்க்குள்ள நுழையாத பேரு இருந்தா பயப்படாதீங்க, பழைய ஆளுதான், புது அடையாள அட்டை. எண்ணிக்கை எப்ப எண்ணினதுன்னும் பாருங்க, தயாரிச்ச அன்னைக்கு 10 பில்லியன்னு சொல்றதுக்கும் காலாவதி தேதி வரைக்கும் 10 பில்லியன்னு சொல்றதுக்கும் ரொம்ப வித்தியாசம். இங்க ஹெல்த் சப்ளிமென்ட் விக்கறதுக்கு முன்னாடி சுகாதார அறிவியல் ஆணையத்துகிட்ட ஒப்புதல் வாங்கணும்னு சட்டம் இல்ல, கடையில இருக்கறதாலயே யாரோ சோதிச்சு பாத்துட்டாங்கன்னு நெனைச்சுக்காதீங்க. நோய தீக்கும்னு டப்பாவுல போட்டிருந்தா இன்னும் உஷார், சப்ளிமென்ட்டுக்கு அப்படி சொல்லவே கூடாது.

வாங்கினா ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும், நாலு வாரம் பாருங்க, மொத சில நாள் காத்து போகும் வயிறு கடமுடங்கும், அது பரவால்ல, நாலு வாரத்துல மாத்தம் இல்லன்னா நிறுத்திடுங்க, காச மாச கட்டணம் மாதிரி கட்டிட்டு இருக்காதீங்க. சாஷே பொடிய சுடச்சுட மைலோவுலயோ கஞ்சியிலயோ கலக்காதீங்க, ஆறின தயிர் சோறு, ஆப்பிள் கூழு இப்படி எதுலயாவது.

யாருக்கு குடுக்கவே கூடாதுன்னு சொல்லியே ஆகணும். குறை மாசத்துல பொறந்த குழந்தை, கீமோ எடுக்கறவங்க, உறுப்பு மாத்தி எதிர்ப்பு சக்திய குறைக்கற மாத்திரை போடறவங்க, கழுத்துலயோ நெஞ்சுலயோ மருந்து ஏத்த டியூப் வச்சிருக்கறவங்க, இவங்களுக்கு இந்த நல்ல பாக்டீரியாவே ரத்தத்துல கலந்து ஆபத்தாகலாம், டாக்டர் சொல்லாம ஒரு சாஷே கூட வேணாம். இன்னொண்ணு, ஜப்பானிய கடையில நாட்டோ, அதான் புளிக்க வச்ச சோயா, பாத்துட்டு தாத்தாவுக்கு நல்லதுன்னு வாங்கறவங்க, அவரு ரத்தம் உறையாம இருக்க குடுக்கற வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறாரான்னு பாருங்க, நாட்டோவுல வைட்டமின் கே அதிகம், அந்த மருந்தோட வேலைய கெடுத்துடும்.

உள்ள இருக்கற பாக்டீரியாவுக்கு தீனியும் போடணும். சின்ன வெங்காயம், பூண்டு, வாழைக்காய், பச்சைப்பயறு, ஓட்ஸ், இதெல்லாம் போதும், தனியா ப்ரீபயாட்டிக்னு பொடி வாங்க வேணாம். எங்க பெரியவன் காய பாத்தா ஓடுவான், சுண்டல்னா உக்காந்து சாப்பிடுவான், அதனால வாரத்துல ரெண்டு நாள் சுண்டல்.

ஜூன் லீவுக்கோ டிசம்பர் லீவுக்கோ ஊருக்கு கெளம்பறீங்கன்னா நல்லா வர்ற உறைய கொட்டிட்டு போகாதீங்க. ஐஸ் ட்ரேயில ஒரு குழிக்கு ஒரு ஸ்பூன் தயிர்னு ஊத்தி ஃப்ரீசர்ல வச்சுடுங்க, கெட்டியானதும் ஒரு ஜிப் பையில போட்டு தேதி எழுதிடுங்க. திரும்பி வந்து ரெண்டு கட்டிய வெளிய எடுத்து இளக விட்டு அரை லிட்டர் பால்ல விட்டா மொத தடவ கொஞ்சம் லேட்டா, பத்து மணி நேரம் கூட எடுக்கும், தளதளன்னும் இருக்கும். அதுலேர்ந்து எடுத்து ரெண்டாவது தடவ ஊத்தறப்ப பழையபடி வந்துடும்.