பெயர் வராத ஊழியத்தைப் பழகுவது எப்படி

சென்னையின் பழைய தேவாலயம் ஒன்றில் ஆராதனை தொடங்கக் காத்திருக்கும் நேரத்தில் சற்றுத் தலையை உயர்த்தினால், மின்விசிறியின் இறக்கையில் ஒரு பெயரையும், இருக்கையின் முதுகுப்பலகையில் இன்னொரு பெயரையும், ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் "அன்பளிப்பு" என்ற சொல்லோடு ஒரு குடும்பத்தின் பெயரையும் வாசிக்கலாம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பட்ட புனித மரியாள் தேவாலயத்தில் இது பளிங்கிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. அங்குள்ள நினைவுக்கற்கள் புகழ்ந்துரைக்கும் கனவான்களில் பலர் யாரென்று இன்று அங்கே போகும் நமக்குத் தெரிவதில்லை. கொடுத்தவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. பெயருக்கான ஆசை ஆலய வாசலோடு நின்றுவிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டால்தான் அதைக் கையாளும் வழியைப் பேச முடியும்.

முதலில் உங்கள் கணக்கை நீங்களே எழுதிப் பாருங்கள். மலைப்பிரசங்கத்தின் ஒரு பகுதியான மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு தர்மம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, மனிதர் காண்பதற்காக அவற்றைச் செய்கிறவர்களைப் பற்றி மூன்று முறையும் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்: அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது. அங்கே வரும் கிரேக்கச் சொல், அக்காலத்துப் பாப்பிரஸ் ரசீதுகளில் தொகை முழுவதும் பெற்றுக்கொள்ளப்பட்டது என்பதற்கு எழுதப்பட்ட சொல்லாகும். ஆகவே ஒரு மாத காலம், ஞாயிறு இரவுதோறும், அந்த வாரம் திருச்சபைக்காகவோ அயலாருக்காகவோ செய்தவற்றை ஒரு பக்கத்திலும், அவை யாருக்கெல்லாம் தெரியும், எப்படித் தெரிந்தது என்பதை எதிர்ப்பக்கத்திலும் குறித்து வாருங்கள். "நான்தான் சொன்னேன்" என்று எழுத வேண்டிய இடங்கள் எத்தனை என்பது நான்காம் வாரத்தில் விளங்கிவிடும். அந்தக் குறிப்பேட்டை யாரிடமும் காட்ட வேண்டாம்.

காணிக்கையில் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சபைச் சந்தா பெயரோடுதான் போக வேண்டும். அது கணக்குக்கும் தணிக்கைக்கும் உரியது, அதை மறைப்பதால் பொருளாளருக்குத் தொல்லைதான் மிஞ்சும். மற்றவை பெயரில்லாமல் போகலாம். கடினமான இடம், காணிக்கையாக வந்த விளைபொருள்களைச் சபையார் நடுவே ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை. ஒரு பூசணிக்காயோ ஒரு சீப்பு வாழைப்பழமோ கடைவிலையைவிடப் பல மடங்கு ஏறும்போது, அதை ஏற்றிவிடுவது பக்தியா, எதிர்வரிசையிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் மைத்துனரா என்பது கேட்பவருக்கே விளங்காது. போகுமுன் வீட்டிலேயே, குடும்பத்தாரோடு பேசி ஒரு தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள். ஏலம் அதைத் தாண்டினால் விட்டுவிட்டு, முடிவு செய்த தொகையை அப்படியே பெயரெழுதாத உறையிலிட்டுக் காணிக்கைத் தட்டில் போட்டுவிடுங்கள். பூசணிக்காயும் கிடைக்காது, கைதட்டலும் கிடைக்காது. ஆலயத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிடும்.

உதவிப் பணிகளில் புகைப்படம்தான் பெரும் சோதனை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நிவாரணப் பொருள்களில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டதாக வந்த செய்திகளைக் கேட்டுக் கோபப்பட்டோம். அரிசிப் பையை நீட்டியபடி, வாங்குகிறவரையும் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போடும் நாம் அந்த ஸ்டிக்கரிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறோம்? கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமானால் பொருள்களையும் ரசீதுகளையும் படமெடுத்தால் போதும். நற்கிரியைகளை மனிதர் காணும்படி வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்று அதே மலைப்பிரசங்கம் சொல்கிறதே எனச் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வசனம், கண்டவர்கள் பரலோகப் பிதாவை மகிமைப்படுத்தும்படி என்று முடிகிறது. படத்தைப் பார்த்தவர்கள் யாரைப் புகழ்ந்து பதில் அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே விடை கிடைக்கும்.

பாராட்டு தானாக வந்தால் என்ன செய்வது? வெள்ளியைக் குகையும் (உருக்கும் பாத்திரமும்) பொன்னைப் புடமும் சோதிப்பதுபோல மனிதனை அவனுக்கு உண்டாகும் புகழ்ச்சி சோதிக்கிறது என்று நீதிமொழிகள் 27ஆம் அதிகாரம் சொல்கிறது. அச்சோதனையில் நாம் தவறும் விதம் வினோதமானது. "நான் என்ன செய்தேன், எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று சொல்கிறோம். சொன்னது உண்மையே, ஆனால் எதிரில் நிற்பவர் "அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணா, நீங்கள் இல்லையென்றால் நடந்திருக்குமா" என்று மறுபடி சொல்வதற்காக ஒரு கணம் காத்தும் நிற்கிறோம். பெருமையாகப் பேசுகிறவரைவிட இப்படிப் பேசுகிறவரைக் கண்டுதான் எனக்கு அச்சம், ஏனெனில் இதில் நான் தேர்ந்தவன். "நன்றி" என்று ஒரே சொல்லில் பெற்றுக்கொள்ளுங்கள். உடன் உழைத்தவர் எவராவது இருந்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள். பிறகு பேச்சை மாற்றிவிடுங்கள்.

பெயர் விடுபடும்போதுதான் உள்ளிருப்பது வெளியே வருகிறது. வீடு வீடாகப் போய்ப் பாடும் எங்கள் கிறிஸ்துமஸ் கீதபவனிக்கு மூன்று ஆண்டுகள் வேன் ஏற்பாட்டையும் தேநீர்ச் செலவையும் நான் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் ஆண்டு நன்றியுரையில், இனிப்பு கொடுத்தவர் முதல் ஜெனரேட்டர் இயக்கியவர் வரை எல்லாருடைய பெயரும் வந்தது, என் பெயர் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அடுத்த இரண்டு ஞாயிறும் பாடகர் குழுவுக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை என்பது வீட்டாருக்குத் தெரியும். இப்படி நேர்ந்தால் பின்பற்ற வேண்டியவற்றை அதற்குப் பிறகுதான் கற்றேன்: பட்டியலை வாசித்தவரிடம் சாடைமாடையாகக்கூட அதை எடுக்காமல் இருப்பது, அவருக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்பது, அடுத்த வாரமே அதே வேலைக்குப் போய் நிற்பது. கட்டளையிடப்பட்ட யாவற்றையும் செய்தபின்பு "நாங்கள் அப்பிரயோஜனமான ஊழியக்காரர்" என்று சொல்லும்படி லூக்கா 17ஆம் அதிகாரத்தில் வருவதை, செய்து முடித்த அன்றிரவே சொல்லிப் பழகினால் நன்றியுரை நாளில் ஓரளவு கைகொடுக்கும்.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது, நன்றியுரையில் இடம்பெற வாய்ப்பே இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐக்கிய விருந்து முடிந்தபின் பிரியாணி அண்டாவைத் தேய்ப்பதற்கு எப்போதும் ஆள் குறைவு. யோவான் 13ஆம் அதிகாரத்தில் இயேசு கழுவிய கால்களில், சிறிது நேரத்தில் அவரைக் காட்டிக்கொடுக்க எழுந்துபோன யூதாசின் கால்களும் இருந்தன. அவனிடமிருந்து நன்றி வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அப்படி ஏதும் திருப்பித்தர இயலாத ஒருவரை, வியாசர்பாடியிலோ பெரம்பூரிலோ மாடிப்படி இறங்க முடியாமல் ஆராதனைக்கு வராமல் போன ஒரு முதியவரை, மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் போய்ப் பாருங்கள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே கடைக்குப் போய்வாருங்கள், சங்கீதம் ஒன்றை வாசித்துக் காட்டுங்கள். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவருக்காக விண்ணப்பம் வைக்கும்போது, அவர் உடல்நிலையைச் சொன்னால் போதும்; நீங்கள் போய்ப் பார்த்ததைச் சொல்ல வேண்டியதில்லை.