மாக்ஸ் எர்ன்ஸ்ட் பற்றி ஆவணப்படமா? தரைப்பலகையிலிருந்து தொடங்குங்கள்

கனவையும் ஆழ்மனத்தையும் வரையும் சர்ரியலிச ஓவியர் என்றாலே கேன்வாஸ் மேல் கேமராவை ஊர விட்டு, பின்னணியில் கனவைப் பற்றிப் பேச வைப்பது வழக்கமாகிவிட்டது. எர்ன்ஸ்டுக்கு அது போதாது. அவர் வரைந்த காடுகள் பலகை, இலை, சாக்குத் துணி ஆகியவற்றின் சொரசொரப்பிலிருந்து எழுந்தவை. அது எழுவதைப் பார்வையாளர் கண்ணால் பார்க்க வேண்டும்.

1925 ஆகஸ்ட் 10 அன்று, பிரான்ஸின் போர்னிக் கடற்கரை விடுதியில், தேய்ந்த தரைப்பலகை மேல் தாளை வைத்துப் பென்சில் கரியால் உரசினார். அவர் ஃப்ரொட்டாஜ் என்று அழைத்த உரசல் முறை அங்கே தொடங்கியது. இதைப் படமாக்க நடிகர் வேண்டாம், ஒரு கை போதும்.

புதிதாக இழைத்த பலகையில் எதுவும் எழாது. பழைய பலகையைக் கம்பி பிரஷ்ஷால் மர ரேகையின் போக்கிலேயே தேய்த்தால் மெத்தான பகுதி உதிர்ந்து ரேகை மேடாகும். மெல்லிய 70 ஜிஎஸ்எம் தாளின் இரண்டு ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். ஒட்டாத தாள் இம்மியளவு நகர்ந்தாலும் கோடுகள் இரட்டையாகிவிடும். மென்மையான, கருமையான 6பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். முனையால் அழுத்தினால் தாள் கிழியும். விளக்கு ஒன்றே ஒன்று, பலகைக்கு 15 டிகிரி சாய்வில், தேய்க்கும் கைக்கு எதிர்ப்பக்கம். அதே பக்கம் வைத்தால் கையின் நிழல் எல்லாவற்றையும் மூடிவிடும். மிக நெருக்கத்தில் எடுக்க 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், அதன் துவாரம் எஃப்8. பத்துத் தாளாவது தயாராக இருக்கட்டும்.

எர்ன்ஸ்டின் ‘மழைக்குப் பின் ஐரோப்பா II’ (1940–42) ஓவியம் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், வாட்ஸ்வொர்த் அதீனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் அரித்த பாறைகள் டெகால்கோமேனியா முறையில் வந்தவை: ஈரமான வண்ணத்தில் கண்ணாடியையோ தாளையோ அழுத்தி எடுப்பது. செய்து காட்டும்போது ஒரு மூலையிலிருந்து தூக்குங்கள், நரம்பு நரம்பாகக் கிளை பிரியும். பக்கவாட்டில் இழுத்தால் வெறும் தீற்றல்தான்.

இந்த ஓவியம் சுமார் ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டருக்குச் சற்று கூடுதலான உயரம். முழுதாகக் காட்டினால் 16:9 சட்டகத்தில் மூன்றில் ஒரு பங்கு காலியாகிவிடும். முழு ஓவியத்தை ஒருமுறை காட்டிவிட்டு, பிறகு நெருங்கிப் போங்கள். பேன் செய்யும்போது, அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது, ஒரு புள்ளி சட்டகத்தைக் கடக்க ஏழு நொடியாவது ஆகட்டும். வேகம் கூடினால் படம் துடிக்கும். இரண்டு விளக்குகளை 45 டிகிரியில் வைத்து, இரண்டிலும் பளபளப்பை அடக்க உதவும் போலரைசர் தாளை ஒரே திசையில் மாட்டுங்கள். பிறகு லென்ஸ் போலரைசரைப் பளபளப்பு அணையும்வரை திருப்புங்கள். வெளிச்சம் இரண்டு ஸ்டாப்புக்கு மேல், அதாவது கால் பங்குக்கும் கீழே, குறையும், ட்ரைபாட் இல்லாமல் முடியாது.

எர்ன்ஸ்ட் இறந்தது 1976இல். ஐரோப்பாவில் 2046 முடியும்வரை காப்புரிமை உண்டு. ஓவியத்துக்கான உரிமை வேறு, அருங்காட்சியகத்தில் படம்பிடிக்கும் அனுமதி வேறு. இரண்டையும் எடிட்டிங்குக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.