பழைய ஃபோர்-வீல் வண்டிக்குக் கட்டுப்படியான விலையில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தேடுவது எப்படி?

மஹிந்திரா எம்எம் 540, ஜிப்ஸி, ஃபோர்-வீல் டிரைவ் உள்ள பழைய பொலிரோ கேம்பர் போன்ற வண்டிகளை இன்னமும் வைத்திருப்பவர்களிடம் "ஷாஃப்ட் போயிடுச்சு சார்" என்று மெக்கானிக் சொன்னதும், விலை எவ்வளவு ஆகும் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அதற்கு முன்னால், போனது ஷாஃப்ட்டா (கியர்பாக்ஸ் பக்கத்துச் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தண்டு), அதன் நுனியில் இருக்கும் கிராஸா (கூட்டல் குறி வடிவ மூட்டு) என்பதைத் தெரிந்துகொண்டால் செலவு பல மடங்கு குறையக்கூடும். கிராஸ் மட்டும் தேய்ந்திருக்கும் வண்டியில் முழு ஷாஃப்ட்டையும் மாற்றிவிடுவது பட்டறைகளில் அடிக்கடி நடப்பதுதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை வைத்துவிட்டுக் கியரை நியூட்ரலில் போடுங்கள். பிறகு அடியில் படுத்து, ஷாஃப்ட்டைக் கையால் இரண்டு பக்கமும் திருகிப் பாருங்கள். யோக் (கிராஸைப் பிடித்திருக்கும் கவட்டை) ஒரு பக்கமும் கிராஸ் ஒரு பக்கமுமாகத் தனித்தனியே அசைந்தால் கிராஸ் தேய்ந்துவிட்டது. இரண்டு யோக்கும் சேர்ந்து சிறிதளவு ஆடினால், அது பெரும்பாலும் டிஃபரன்ஷியல் (ஆக்சிலின் நடுவே சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பெட்டி) பற்சக்கரங்களின் இடைவெளியாக இருக்கும். அதற்காக ஷாஃப்ட்டை மாற்றிப் பயனில்லை. ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம்தரும் ஸ்லிப் ஜாயிண்ட்டைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், அதற்குள் கோத்து நிற்கும் நீளவாட்டுப் பற்களான ஸ்ப்லைன் போய்விட்டது என்று கொள்ளலாம். அப்போதுதான் செலவு பெரிதாகிறது. கிராஸின் முனைகளை மூடியிருக்கும் கப்பைச் சுற்றிச் செங்கல் பொடி போலத் துரு படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங்குகளில் கிரீஸ் வற்றிவிட்டது. உப்புக்காற்றில் நிற்கும் திருவொற்றியூர், எண்ணூர் வண்டிகளிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நாள்கணக்கில் நின்ற வண்டிகளிலும் இந்தத் துரு விரைவில் பிடித்துவிடுகிறது.

ஷாஃப்ட்தான் போயிருக்கிறது என்று உறுதியானால், கடைக்குப் போவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். வண்டி சக்கரங்களின் மேல், தன் முழு எடையோடு நிற்கும் நிலையில், ஒரு ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டுப் பூட்டும் வட்டத் தகடு) முகத்திலிருந்து மறு ஃபிளாஞ்ச் முகம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஜாக்கியில் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு எடுத்த அளவு தவறாகத்தான் வரும். ஃபிளாஞ்சில் எத்தனை ஓட்டைகள், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் என்ன, நடுவில் பொருந்தும் மேட்டின் விட்டம் என்ன என்பவற்றையும் டியூபின் வெளிவிட்டத்தையும் ஸ்ப்லைன் பற்களின் எண்ணிக்கையையும் எழுதிக்கொள்ளுங்கள். கிராஸில் கப்பின் விட்டத்தையும், ஒரு கப்பின் வெளிமுகத்திலிருந்து எதிர்க் கப்பின் வெளிமுகம் வரையுள்ள நீளத்தையும் வெர்னியரால் எடுக்க வேண்டும். ஜீப்புகளில் பரவலாக உள்ள 1310 என்ற கிராஸ் அளவு வரிசையில் இவை சுமார் 27 மி.மீ., 82 மி.மீ. என்று வரும். கப் நழுவாமல் பிடிக்கும் சர்க்கிளிப் வளையம் உள்பக்கம் பூட்டுகிறதா வெளிப்பக்கமா என்பதையும் பாருங்கள். ஜிப்ஸி வைத்திருப்பவர்கள், கியர்பாக்ஸுக்கும், முன் பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே உள்ள குட்டையான ஷாஃப்ட்டோடு சேர்த்து அந்த வண்டியில் மூன்று ஷாஃப்ட்டுகள் உண்டு என்பதால், எது வேண்டும் என்பதைக் கடையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். பழைய ஷாஃப்ட்டையே கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது. வெறுங்கையோடு போனால் "எல்லாம் ஒரே சைஸ்தாண்ணே" என்ற பதில்தான் கிடைக்கும்.

வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மூலக்கடையிலிருந்து மாதவரம் வழியாகச் செங்குன்றம் செல்லும் ஜி.என்.டி. சாலையிலும் மணலிப் பக்கத்திலும் லாரி, டிரெய்லர் வேலை நிறைய நடப்பதால், ஷாஃப்ட் வேலை தெரிந்த கைகளைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. லாரி ஷாஃப்ட் நேரடியாக நம் வண்டிக்குப் பொருந்தாது. ஆனால் அதை வெட்டி, ஒட்டி, பேலன்ஸ் (சுழலும்போது அதிராதபடி எடையைச் சமன்படுத்துவது) செய்பவரால் நம் ஷாஃப்ட்டையும் செய்ய முடியும். புதிய கிராஸுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும், பழைய ஷாஃப்ட்டுக்குப் புதுப்பேட்டையிலும் தேடலாம். அங்கே ஒரு கடையில் இல்லாதது அடுத்த கடையில் இருக்கும் என்பதால், முதலில் சொன்ன விலைக்கே வாங்கிவிடாதீர்கள்.

பழைய ஷாஃப்ட் வாங்கும்போது சாயம் அடித்திருந்தால் சற்று எச்சரிக்கையாக இருங்கள். புதுச் சாயத்துக்கு அடியில் ஒடுக்கும் வெல்டிங்கும் ஒளிந்திருக்கலாம். டியூபின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தால் சிறு ஒடுக்கும் தட்டுப்படும். ஒடுங்கிய டியூப் வேண்டாம். ஸ்ப்லைனைப் பிரித்து, பற்களின் ஓரம் கத்தி முனை போலக் கூராகிவிட்டதா என்று பாருங்கள். கிராஸ் கெட்டிருந்தால் பரவாயில்லை, அதை எப்படியும் மாற்றத்தான் போகிறோம். யோக்கில் கப் உட்காரும் ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் மட்டும் அந்த ஷாஃப்ட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். பழைய பொருளானாலும் பில் கேட்டு வாங்குங்கள், திருட்டு வண்டியின் பாகம் கைக்கு வந்துவிடக் கூடாது. புதிய பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டுபவரிடம் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

சரியான நீளத்தில் கிடைக்கவில்லை என்றால், நீளமான ஷாஃப்ட்டை வாங்கிக் குறைப்பதே நல்லது. குட்டையானதை நடுவில் துண்டு வைத்து ஒட்டக் கூடாது. ஒட்டு அச்சில் நிற்காமல் போவதோடு, டியூப் நீள நீள, எந்த வேகத்தில் ஷாஃப்ட் வில்லாக வளைந்து அதிரத் தொடங்குமோ அந்த வேகமும் குறைந்துவிடும். குறைக்கும்போது டியூபின் ஒரு நுனியில் வெட்டி, யோக்கை அழுத்திப் பொருத்தி, நான்கு இடங்களில் மட்டும் புள்ளி வெல்டிங் வைத்து, லேத்தில் சுற்றி டயல் கேஜில் பார்த்த பிறகே முழு வெல்டிங் செய்ய வேண்டும்; கோணல் அரை மில்லிமீட்டருக்குள் அடங்குவது நல்லது. அப்போது இரண்டு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். கோணத்தில் சுற்றும் கிராஸ் ஒரு சுற்றில் இரண்டு முறை வேகமும் தாமதமுமாக ஓடும். ஒரு முனையின் ஏற்ற இறக்கத்தை மறுமுனை சரிக்கட்டுவதால்தான் ஓட்டம் சீராக இருக்கிறது. ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் அந்த ஈடு கெட்டு அதிர்வு வந்துவிடும். டியூபையே மாற்ற வேண்டியிருந்தால், ஷாஃப்ட்டுக்கென்று வரும் டியூபைத்தான் கேளுங்கள். தண்ணீர்க் குழாயை வெட்டி வைப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

பேலன்ஸிங் செலவை மிச்சப்படுத்தலாம் என்று நினைப்பவர்கள் பலர். மெதுவாக ஓடும் வயல் வண்டியானால் பேலன்ஸ் இல்லாதது ஒருவேளை தெரியாமல் போகலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் வேகமெடுக்கும் வண்டியானால் தரையே அதிரும், பிறகு கியர்பாக்ஸின் ஆயில் சீலும் பேரிங்கும் போகும். ஷாஃப்ட்டின் விலையில் பேரம் பேசுங்கள், பேலன்ஸிங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தேடல் முடியும்வரை வண்டியை நிறுத்தி வைக்க வேண்டிய கட்டாயமில்லை. கெட்டது முன் ஷாஃப்ட்டானால், அதைக் கழற்றிவிட்டு டூ-வீல் நிலையில் ஓட்டலாம். பின் ஷாஃப்ட்டைக் கழற்றினால், கியரில் போட்டு நிறுத்தினாலும் பின்சக்கரங்கள் பிடிக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் கைபிரேக் உள்ள பழைய ஜீப்புகளில் கைபிரேக்கும் பயன்படாது. அந்த நாட்களில் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

மாட்டும்போது ஃபிளாஞ்ச் முகங்களைத் துருவும் சாயமும் இல்லாமல் துடைத்து, தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமை முத்திரை உள்ள போல்ட்டுகளையும் புதிய லாக் நட்டுகளையும் போடுங்கள். கிராஸில் கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்புகளிலும் கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை நிறுத்தாதீர்கள். ஒன்றில் வரவில்லை என்றால் அந்தக் கப் வறண்டே சுழன்று முதலில் போகும். இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.