பலகைத் தரைக்கு வார்னிஷ் அடிக்கப் போகிறீர்களா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய பலகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். முதலில் 60 எண் உப்புத்தாள், பிறகு 80, கடைசியில் 120. தூசியை வேக்குவம் செய்து, லேசாக ஈரமான துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். இதில் அவசரப்பட்டால் ஒவ்வொரு தூசியும் வார்னிஷுக்குள் பொரிபொரியாக நிற்கும்.

டின்னைக் குலுக்கவே கூடாது, குமிழி வந்துவிடும். குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். சுவரோரத்தைப் பிரஷால் அடித்து, அது காய்வதற்குள் நடுப்பகுதியை ரோலரால் மெலிதாக இழுங்கள். ஈர ஓரம் காயாமல் தொடர்ந்து போனால்தான் கோடு விழாது. வாசலுக்கு எதிர்மூலையில் தொடங்கி, வாசலை நோக்கிப் பின்பக்கமாக நகர்ந்து வாருங்கள். நான் ஒருமுறை வாசலில் தொடங்கி, ஜன்னல் வழியாகக் குதித்து வெளியேறினேன்!

நம் ஊரில் மதியத்துக்கு மேல் மழை வரும். ஈரக்காற்றில் பூச்சு மெதுவாகத்தான் காயும். அதனால் காலையிலேயே தொடங்குங்கள். அடிக்கும்போது ஃபேன் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். தண்ணீர் வகை பாலியூரித்தேன் வார்னிஷ் சில மணி நேரத்தில் காயும், எண்ணெய் வகைக்கு ஒரு நாள் ஆகும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் 220 தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். மூன்று பூச்சு போதும்.

அப்புறம், எண்ணெய் வகை வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவைத்த பிறகுதான் குப்பைக்குப் போகவேண்டும்.