பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பிள்ளைகள்: கட்டில், பீரோ வாங்கும் முன்

சென்னையில் வாடகைக்குக் கிடைக்கும் இரண்டு படுக்கையறை வீடுகளில் சின்ன அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்துதான். அதில் பரண், ஜன்னல், கதவு திறக்கும் இடம் எல்லாம் போக மிஞ்சுவதில் வளர்ந்து வரும் இரண்டு பிள்ளைகள் தூங்க வேண்டும், படிக்க வேண்டும், துணி வைக்க வேண்டும். அதனால் கடைக்குப் போய், கண்ணுக்குப் பிடித்த கட்டிலுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வரும் வேலையே வேண்டாம். முதலில் தரையைப் பாருங்கள். தரையில் பெரிய டைல்ஸ் போட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு டைல் இரண்டடிக்கு இரண்டடி இருக்கும், எண்ணிப் பார்த்தாலே தோராயக் கணக்கு வந்துவிடும். அப்புறம் டேப் வைத்து அங்குலத்தில் அளந்து, கட்டில் எங்கே, பீரோ எங்கே என்று சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டை மிதிக்காமல் இரண்டு பேரும் ஒரு நாள் நடந்து பார்க்கட்டும். கதவையும் பீரோக் கதவையும் முழுசாகத் திறக்கும் இடத்தையும் சேர்த்து வரையுங்கள், பல பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே பெரிய கட்டிலாகப் போட்டால் செலவு குறையும் என்று தோன்றும். குவீன் சைஸ் மெத்தை 78க்கு 60 அங்குலம். அதைப் போட்டால் அறையில் பாதி அகலம் போய்விடும், சுவர் ஓரம் படுப்பவர் இரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும், பதின்ம வயது வந்துவிட்டால் ஒரே படுக்கை இரண்டு பேருக்கும் தொந்தரவு. என்னைக் கேட்டால் இரண்டு ஒற்றைக் கட்டில்தான். நாளைக்கு வேறு வீட்டுக்குப் போனால் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம், ஆறடி அகலம் வந்துவிடும், தனித்தனி அறை கிடைத்தால் பிரித்தும் போடலாம்.

இரண்டையும் எதிரெதிர் சுவரில் போட்டால் நடுவில் நாலடிக்கும் குறைவாகத்தான் இருக்கும், அந்த நடைபாதையில் வேறு எதையும் வைக்க முடியாது. ஒரு மூலையில் ‘ட’ வடிவத்தில் போட்டுப் பாருங்கள். 75க்கு 36 அங்குல மெத்தைக்குச் செய்த கட்டில், சட்டத்தோடு சேர்த்து ஏறக்குறைய 78க்கு 38 வரும். ஒன்றின் நீளமும் இன்னொன்றின் அகலமும் சேர்ந்து 116 அங்குலம், சுவர் 120. மூன்று நாலு அங்குலம் மிச்சத்தோடு உட்கார்ந்துவிடும், எதிர்ப்பக்கம் ஏழடிக்கு ஏழடி கிட்ட தரை ஒரே சதுரமாகக் கிடைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே 78 அங்குல மெத்தையைத் தவிர்க்கலாம், பிள்ளைகள் ரொம்ப உயரம் இல்லை என்றால். தலைமாடு இரண்டும் மூலையை விட்டு விலகி, வெளி முனைகளில் இருக்கட்டும், ஒருத்தர் விளக்குப் போட்டுப் படித்தாலும் மற்றவர் கண்ணில் வெளிச்சம் அடிக்காது.

பங்க் பெட், அதாவது மேலே ஒன்று கீழே ஒன்று, பார்க்க அழகுதான், ஆனால் நம் வீடுகளில் அதற்குப் பெரிய இடைஞ்சல் சீலிங் ஃபேன். சாதாரண ஃபேனின் வீச்சு 1200 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட நாலடி. பத்தடி அறையின் நடுவில் மாட்டினால் இறக்கையின் நுனி இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் மூன்றடி தூரத்தில் சுற்றும், உங்கள் கட்டிலின் ஓரமும் அங்கேதான் வருகிறது! மேல் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பிள்ளை சோம்பல் முறித்துக் கையை நீட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சுவரில் மாட்டும் ஃபேனுக்கு மாறாமல் பங்க் பெட் வாங்கவே வாங்காதீர்கள். ஆறு வயது நிறையாத பிள்ளையை மேலே படுக்க வைக்கக் கூடாது. பக்கத் தடுப்பு மெத்தைக்கு மேலே ஐந்து அங்குலமாவது நிற்க வேண்டும், மெத்தையைத் தடியாகப் போட்டால் அந்த உயரம் குறைந்துவிடும். மே மாத வெயிலில் கூரைக்குப் பக்கத்தில் படுப்பதும் கொடுமை.

பொருள் வைக்க, ஹைட்ராலிக் கட்டிலை விட ஓரடி உயரக் கால் வைத்த சாதாரணக் கட்டிலே மேல். ஒருத்தர் தூங்கும்போது மெத்தையோடு பலகையைத் தூக்கி எதையும் எடுக்க முடியாது. கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த பெட்டிகளைத் தள்ளி வைக்கலாம், பெருக்கும்போது வெளியே இழுத்தால் துடைப்பமும் உள்ளே போகும். பீரோ ஒன்றே என்றால் தட்டுக்குத் தட்டு சண்டை, அதனால் மூன்றடி அகலத்தில் ஒன்று வாங்குவதற்குப் பதில் ஒன்றரை அடியில் இரண்டு, தனித்தனிப் பூட்டோடு. பகிர்ந்து வாழும் பிள்ளைக்குத் தன்னுடையது என்று பூட்டி வைக்க ஓர் இடம் கட்டாயம் வேண்டும், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விலை குறைவு என்று பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, எடுத்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காக்கும்போது அடிப்பக்கம் உப்பிக்கொள்ளும். பின்பலகையையும் திருகாணி போட்ட ஓட்டைகளையும் பாருங்கள், மரத்தூள் உதிர்ந்தால் வேண்டாம். இரும்பு, அல்லது ஐஎஸ் 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் பிளைவுட் நல்லது. எதுவானாலும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். ஆசாரியிடம் செய்யச் சொன்னால் ஆணி அடித்து முடக்காமல் நட்டு போல்ட்டில் கழற்றி மாட்டும்படி கேளுங்கள், வாடகை வீட்டின் குறுகிய மாடிப்படியில் அதுதான் உதவும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். கட்டில்கள் முதலில் வரட்டும். ஒரு மாதம் போனால் பள்ளிப் பை எங்கே விழுகிறது, ஈரத் துண்டு எதில் தொங்குகிறது, யார் எந்தப் பிளக் பாயின்ட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்பது தெரிந்துவிடும், பீரோவையும் மேசையையும் அதைப் பார்த்து வாங்குங்கள்.