ஏழரை லட்சத்துக்குள் புது கார்: நம்ம ஊர் ரோட்டுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுப்பது எப்படி?

பட்ஜெட் ஏழரை லட்சம் என்று ஆபீஸில் சொன்னதும், "ஏழரைன்னா கார் வாங்குற கணக்கா, சனி புடிக்கிற கணக்கா?" என்று சிரித்தார்கள். பாதி உண்மைதான். நான்கு மாதம் அலைந்தேன். ஒரு தடவை தப்பான வண்டியை புக் செய்து, பிறகு அதை கேன்சல் செய்தேன். அந்த அலைச்சலில் கற்றதை வரிசையாக எழுதி வைக்கிறேன். எங்கள் தருமபுரிப் பக்கம் முதன்முதலாகப் புது கார் வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

எதற்காகப் புது கார்? எங்களிடம் இருந்த பழைய செகண்ட் ஹேண்ட் வண்டி, அப்பாவை சேலத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ஆவி கக்கி நின்றது. பின்னால் லாரிகள். அப்பா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டு, "இதை இங்கயே விட்டுட்டுப் போயிடலாம்" என்றார். அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கார் ஓட்டத் தெரியும், மைலேஜ், ஏர்பேக் என்றால் என்னவென்று தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

படி 1: கார் எங்கே போகும் என்று எழுதுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எக்செல், ஆப் எதுவும் வேண்டாம். ஷோரூமில் நின்றுகொண்டு போனில் கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. நோட்டு என்றால் சேல்ஸ்காரர் சொல்லும் விலையை அவர் கண்ணெதிரிலேயே எழுதலாம். எழுதுகிறீர்கள் என்று தெரிந்ததும் அவர் பேச்சு கொஞ்சம் நிதானமாகிவிடும், பாருங்கள்.

முதல் பக்கத்தில் போன வருடம் எங்கெங்கே போனீர்கள் என்று எழுதுங்கள். என் பக்கத்தில் இருந்தது: மாதம் ஒரு முறை சேலம், மனைவியின் ஊரான அஞ்செட்டி பக்கம் வருடத்துக்கு ஆறேழு தடவை, மீதி எல்லாம் உள்ளூர். வேலைக்கு பஸ்ஸில்தான் போகிறேன். எல்லாம் கூட்டினால் வருடத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டவில்லை. இந்த ஓட்டத்துக்கு டீசலுக்கு அதிகப் பணம் கொடுப்பது வீண். பெட்ரோல் போதும்.

படி 2: மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி

"எந்த கார் நல்ல கார்?" என்று மெக்கானிக்கிடம் கேட்காதீர்கள். அவரும் நம்மைப் போலத் தனக்குப் பிடித்ததைச் சொல்வார். "இந்த வண்டி உங்ககிட்ட எதுக்கு அடிக்கடி வருது?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். சில வண்டிகளுக்கு "ஆயில் மாத்த வரும், அவ்வளவுதான்" என்றார் எங்கள் தெரு மெக்கானிக். சிலவற்றுக்கு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்: கிளட்ச், சஸ்பென்ஷன் சத்தம், ஏசி காயில். டாக்ஸி ஸ்டாண்டிலும் இதையே கேட்டேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவர் சொல்வதற்கும், மூன்று நாள் ஓட்டிவிட்டு வீடியோ போடுபவர் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இன்னொன்று: அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது? பம்பர் உடைந்தால் பார்ட் வர எத்தனை நாள்? ஒவ்வொரு சர்வீஸுக்கும் சேலத்துக்கோ ஓசூருக்கோ போக வேண்டும் என்றால், அரை நாள் லீவையும் டீசென்ட்டான ஒரு சாப்பாட்டுச் செலவையும் அந்த காரின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்து ஒரு வருடம்கூட ஆகாத மாடலை நான் தொடவே மாட்டேன். இது என் பிடிவாதம். முதல் வருட வண்டிகளில் கம்பெனியே பாடம் படிக்கும். அந்தப் பாடத்துக்கு ஃபீஸ் நான் கட்ட வேண்டுமா? மூன்று வருடம் ஓடிய எஞ்சினாக இருந்தால் அதன் குறை எல்லாம் ஊரில் தெரிந்திருக்கும்.

பாதுகாப்புக்கு, காரை மோதவிட்டுப் பார்க்கும், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையின் நட்சத்திரங்களைப் பாருங்கள். பெரியவர்களுக்குத் தனி, குழந்தைகளுக்குத் தனி என்று இரண்டு மதிப்பீடு இருக்கும். விளம்பரத்தில் இரண்டில் கூடுதலானதை மட்டும் போடுவார்கள். பின் சீட்டில் பிள்ளை உட்காரும் வீடு என்றால் இரண்டையும் பாருங்கள்.

படி 3: டெஸ்ட் டிரைவ் (நான் சறுக்கிய இடம்)

ஷோரூம் டெஸ்ட் டிரைவ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தில் வாசனையான ஒரு தம்பி. முன்கூட்டியே ஜில்லென்று ஆக்கி வைத்த ஏசி. பைபாஸில் போய் யூடர்ன் போட்டுத் திரும்பினால் நான்கு கிலோமீட்டர். வண்டியில் இரண்டே பேர், ரோடு தட்டை. எந்த காரும் பறக்கும். எனக்கும் பறந்தது. ஐயாயிரம் கட்டி புக் செய்தேன்.

இரண்டு வாரம் கழித்து, காவேரிப்பட்டணத்தில் இருக்கும் மச்சான் அதே மாடலை வாங்கி வந்தான். நம்ம வண்டியும் இதுதானே என்று ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கிக்கொண்டு ஒகேனக்கல் போனோம். நான், மனைவி, அம்மா, அப்பா, மகள். எண்ணெய்க் குளியல், மீன் வறுவல் எல்லாம் ஆயிற்று. போகும்போது இறக்கம் என்பதால் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி பென்னாகரம் பக்கம் ஏறும்போதுதான் தெரிந்தது. மூன்றாவது கியரில் திணறியது, இரண்டாவதில் போட்டால் எஞ்சின் கத்தியது. வேகம் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. பின்னால் கவர்மென்ட் பஸ் லைட் அடித்துக்கொண்டே வந்தது. ஏசியை அணைத்தேன். பின் சீட்டில் இருந்து அம்மா கேட்டார்: "எறங்கி நடக்கட்டுமாடா?"

வண்டியின் மேல் குற்றம் இல்லை. நான்தான் கணக்குப் போடவில்லை. இந்த விலையில் கிடைக்கும் ஒரு லிட்டர் சாதாரண பெட்ரோல் எஞ்சின்கள் 67 குதிரைத்திறன் பக்கம் இருக்கும். 1.2 லிட்டர் எஞ்சின்கள் 82 முதல் 90 வரை. ஒருவர் இருவர் போனால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஐந்து பேர் என்றால் முந்நூறு கிலோ கூடுகிறது. சின்ன காரின் எடையில் அது மூன்றில் ஒரு பங்கு! அதற்கு மேல் ஏசி, அதற்கு மேல் ஏற்றம். தட்டையான ஊர்க்காரருக்கு ஒரு லிட்டர் தாராளம். நமக்குத் தெற்கே தொப்பூர், மேற்கே ஒகேனக்கல், பக்கத்திலேயே வத்தல்மலை, கிழக்கே சித்தேரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஏற்றம் காத்திருக்கிறது.

அதனால் டெஸ்ட் டிரைவை இப்படிச் செய்யுங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஷோரூமில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. ஏசியை முழுதாக வையுங்கள். மேம்பாலம் ஏதாவது இருந்தால் அதன் ஏற்றத்தின் பாதியில், ட்ராஃபிக் இல்லாத நேரத்தில் ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, அங்கிருந்து கிளப்பிப் பாருங்கள். எஞ்சின் அணையாமல், பின்னால் உருளாமல், அலறாமல் ஏறினால் நோட்டில் ஒரு டிக். ஏஎம்டி (கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாறும்) வண்டி என்றால் இந்தச் சோதனையை இரண்டு தடவை செய்யுங்கள். ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது ஏஎம்டி எனக்குப் பிடிக்கவில்லை, மேனுவல்தான் எடுத்தேன். சொந்தக்காரர் யாரிடமாவது அதே மாடல் இருந்தால் ஒரு டேங்க் பெட்ரோல் போட்டுக்கொடுத்து மலைக்கே போய்விடுங்கள். அந்தச் செலவு வீண் இல்லை.

வேகத்தடையையும் மறக்க வேண்டாம். வண்டியின் அடிக்கும் ரோட்டுக்கும் உள்ள இடைவெளியை கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று மில்லிமீட்டரில் சொல்வார்கள். பெரும்பாலும் அது ஆள் ஏறாத வண்டியின் அளவு. ஐந்து பேரோடு உங்கள் தெரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் அடி தட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

அப்புறம் சீட். அம்மாவுக்கு முழங்கால் வலி. தாழ்ந்த காரில் அவர் உட்காருவதில்லை, விழுகிறார். இறங்கும்போது கதவைப் பிடித்து, பெருமூச்சு விட்டு, ஒரு கையை என் தோளில் போட்டு எழ வேண்டும். இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு ஷோரூமிலும் அம்மாவை மூன்று தடவை ஏறி இறங்கச் சொன்னேன். ஒரு வண்டியில் மட்டும் யாரையும் பிடிக்காமல் இறங்கினார். "கட்டில்ல உக்காந்த மாதிரி இருக்கு" என்றார். நோட்டில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன்.

(முதல் புக்கிங் பணம் திரும்பி வர நாற்பது நாளும் பதினோரு போன் காலும் ஆயிற்று. பணம் கட்டும் முன் கேன்சல் செய்தால் எவ்வளவு, எத்தனை நாளில் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.)

படி 4: ஆன்ரோடு விலைச் சீட்டைப் பிரித்துப் படியுங்கள்

முதலில், பழைய வீடியோக்களில் சொல்லும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தது.

எனக்குக் கொடுத்த சீட்டு இது: ஷோரூம் விலை 6,12,000. சாலை வரி 79,560. இன்சூரன்ஸ் 31,400. ஹேண்ட்லிங் சார்ஜ் 6,500. அவசியமான ஆக்சசரி என்று 14,000. பதிவு, ஃபாஸ்டேக் இத்யாதி 3,200. மொத்தம் 7,46,660.

வரியில் கை வைக்க முடியாது. தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், சரியாகத்தான் போட்டிருந்தார்கள். இன்சூரன்ஸ், ஹேண்ட்லிங், ஆக்சசரி மூன்றில் பேசலாம். இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதே ஐடிவி (வண்டி முழுதாகப் போனால் இன்சூரன்ஸ் தரும் தொகை), அதே ஜீரோ டெப் (பார்ட்ஸ் விலையில் தேய்மானம் கழிக்காத பாலிசி) வைத்து வெளியே கேட்டேன், 24,800 சொன்னார்கள். ஐடிவியைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைப்பவர்களும் உண்டு, ஒப்பிடும்போது அதைப் பாருங்கள். சொந்த சேதத்துக்கு ஒரு வருடம், மூன்றாம் நபருக்கு மூன்று வருடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை, எடுத்துவிட்டார்கள். அவசியமான ஆக்சசரி என்பது மேட், சீட் கவர், ஒரு கீ செயின். வேண்டாம் என்றேன். 7,19,560க்கு இறங்கியது.

படி 5: லோன், ஃபிளாட் வட்டி

ஐந்து லட்சம் லோன், ஐந்து வருடம். ஒரு இடத்தில் "எங்ககிட்ட அஞ்சரை பர்சென்ட்தான் சார்" என்றார்கள். பேங்கில் 9 சதவீதம். யாராக இருந்தாலும் ஐந்தரைக்குத்தான் ஓடுவோம். ஆனால் ஐந்தரை என்பது ஃபிளாட். அதாவது நீங்கள் பாதி அசலைக் கட்டி முடித்த பிறகும் முழு ஐந்து லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். ஈஎம்ஐ 10,625. பேங்கில் மீதி உள்ள அசலுக்கு மட்டும் வட்டி, ஈஎம்ஐ 10,379. ஐந்தரை ஃபிளாட் என்பது பேங்க் கணக்கில் கிட்டத்தட்ட 10 சதவீதம்! எனவே சதவீதத்தைக் கேட்காதீர்கள். "மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், ப்ராசஸிங் ஃபீஸ் எவ்வளவு" என்று மூன்றை மட்டும் கேட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஏழு வருடமாக இழுத்தால் பேங்க் ஈஎம்ஐ 8,045 ஆகும், கேட்க இனிக்கும். ஆனால் வட்டி மட்டும் ஐந்து வருடத்தைவிட ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடும்.

படி 6: பதிவுக்கு முன் வண்டியைப் பாருங்கள்

நம்பர் விழுந்த பிறகு குறை கண்டுபிடித்தால் மாற்றித் தர மாட்டார்கள். அதனால் ஆர்டிஓ வேலை தொடங்கும் முன் யார்டுக்குப் போய்ப் பாருங்கள். பகலில், வெயிலில் பாருங்கள், பெயிண்ட் வித்தியாசம் டியூப் லைட்டில் தெரியாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3525 என்றால் 2025-ன் 35-வது வாரம். நான்கு டயரோடு ஸ்டெப்னியையும் பாருங்கள். சில வேரியன்ட்டில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான். அஞ்செட்டி காட்டு ரோட்டில் அந்த கிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்பனைச் சான்றான படிவம் 21-ல் வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும். போன வருட வண்டியை இந்த வருடம் விற்றால் அதற்குத் தள்ளுபடி கேளுங்கள், விற்கும்போது ஒரு வயது கூடத்தான் பார்ப்பார்கள்.

பின்சேர்க்கை 1: ஓசூர்க்காரர்கள் சிலர் கேட்டது: "பெங்களூரு பக்கம்தானே, அங்கே வாங்கினால் மலிவா?" அங்கே வாங்கலாம். ஆனால் தற்காலிகப் பதிவோடு எடுத்து வந்து, தமிழ்நாட்டு ஆர்டிஓ ஒன்றில் இங்குள்ள வரி கட்டித்தான் பதிய வேண்டும். கேஏ நம்பரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். இரண்டு வரி கட்டிவிட்டு ஒன்றைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை 2: சிஎன்ஜி (கேஸில் ஓடும் வண்டி) பற்றி நான் ஏன் எழுதவில்லை என்று கேட்டார்கள். தினமும் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு லாபம். ஆனால் சிஎன்ஜியில் இழுவை பெட்ரோலைவிடக் குறையும், எனவே படி 3-ஐ சிஎன்ஜியில் ஓடவிட்டே செய்யுங்கள். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். டிக்கியில் பாதி போய்விடும், எங்கள் வீட்டு மாம்பழக் கூடைக்கு இடம் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

பின்சேர்க்கை 3: "கடைசியில் எந்த கார் வாங்கினீங்க?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெயரைச் சொன்னால் மேலே எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், மேனுவல், உயரமான சீட். அந்த மடித்த பக்கத்தில் இருந்த வண்டிதான். போன மாதம் ஒகேனக்கல் ஏற்றத்தில் ஐந்து பேரோடு, ஏசி போட்டு, மூன்றாவது கியரில் ஏறினோம். அம்மா தூங்கிக்கொண்டு வந்தார்.