குட்டி வரவில்லை என்றதும் ஊசியைத் தேடாதீர்கள்

போன மாதம் நள்ளிரவு ஒரு மணிக்குப் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, எங்க நாய் ரெண்டு குட்டி போட்டுச்சு. அப்புறம் மூணு மணி நேரமா ஒண்ணும் வரல. முக்கிக்கிட்டே இருக்கு. ஊசி போட்டுட்டேன், அப்பவும் வரல. இன்னொண்ணு போடவா?"

எனக்குத் தூக்கம் மொத்தமும் போய்விட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே கேள்வியை நான் இன்னொருவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் "போடு" என்றார்.

துணி விரிப்பது, ஆட்களைக் கூட்டாமல் இருப்பது, கை கழுவுவது பற்றியெல்லாம் நாய் வளர்க்கும் யாரும் சொல்லித் தருவார்கள். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடக்கும்போது பதற்றத்தில் நாம் செய்துவிடும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எத்தனை குட்டி என்று தெரியாமல் உட்காருவது

இணை சேர்த்து 55 நாள் கடந்ததும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். மண்டையும் முதுகெலும்பும் தெரியும், எண்ணிவிடலாம். ஆறு என்று தெரிந்தவர் ஐந்தாவது குட்டியோடு படுக்கப் போகமாட்டார். ஒன்றே ஒன்று என்று தெரிந்தால் இன்னும் கவனம் வேண்டும். பிரசவத்தைத் தொடங்கி வைப்பது உள்ளே இருக்கும் குட்டிகளிடமிருந்து வரும் ஹார்மோன்தான். ஒற்றைக் குட்டியிடமிருந்து அது போதுமான அளவு வராமல் போகலாம். இடம் தாராளமாக இருப்பதால் குட்டியும் பெருத்துவிடும். நாள் தள்ளிப்போய்க் கடைசியில் சிசேரியனில் முடிவது இப்படித்தான்.

ஊசி

எங்கள் சிப்பிப்பாறைப் பெட்டைக்கு அது இரண்டாவது ஈற்று. முதல் ஈற்றில் ஏழு குட்டிகளைச் சிரமமில்லாமல் போட்டவள். இந்த முறை ஒரு குட்டி வந்ததோடு நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் முக்கினாள், பிறகு களைத்துப் படுத்துவிட்டாள். அனுபவசாலி என்று நான் நம்பிய ஒருவர் போனிலேயே சொன்னார், நான் மருந்துக் கடையில் ஆக்சிடோசின் வாங்கி வந்து ஓர் ஆம்பூல் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) முழுவதையும் போட்டேன். பத்து நிமிடத்தில் உடம்பே வில்லாக வளைய முக்கினாள். வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அரை மணி நேரம் கழித்து இரண்டாவது ஆம்பூல். அப்புறம் முக்கல் திடீரென்று நின்றது. வலி அடங்கிவிட்டது, இனி வந்துவிடும் என்று நினைத்தேன். உண்மையில் கர்ப்பப்பை கிழிந்திருந்தது. குறுக்கே கிடந்த ஒரு குட்டி வழியை அடைத்திருக்கிறது. விடியற்காலை மருத்துவரிடம் போகும் வழியில், என் மடியிலேயே போய்விட்டாள். உள்ளே ஐந்து குட்டிகள்.

ஆக்சிடோசின் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். அதற்கு அது ஒன்றுதான் தெரியும். குறுக்கே கிடக்கும் குட்டியைத் திருப்பாது, தலை பெருத்த குட்டியைச் சிறிதாக்காது. வழி அடைபட்டிருக்கும்போது ஊசி போடுவது, கதவைத் தாழிட்டுவிட்டுக் கூட்டத்தைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளுவது போல. அதோடு, கர்ப்பப்பை விடாமல் இறுகியே இருந்தால் குட்டிகளுக்குப் போகும் ரத்தம் குறையும், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரியும். வெளியே வர வேண்டிய குட்டி உள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும்.

மருத்துவர்களும் இதே மருந்தைப் போடுகிறார்கள்தான். ஆனால் கையுறை போட்டு உள்ளே தடவிப் பார்த்து, ஸ்கேனில் குட்டிகளின் இதயத்துடிப்பைப் பார்த்து, வழி திறந்திருக்கிறது என்று உறுதியான பிறகு போடுகிறார்கள். நிமிடத்துக்கு 200-க்கு மேல் இருக்க வேண்டிய துடிப்பு 180-க்குக் கீழே இறங்கியிருந்தால் குட்டி தவிக்கிறது என்று பொருள். அப்போது ஊசியை யோசிக்காமல் அறுவைக்குத் தயாராவார்கள். அளவும் வேறு. பெண்களின் பிரசவத்துக்கென்று வரும் ஆம்பூலில் 5 யூனிட் இருக்கும். நாய்க்குப் பல நேரம் 1 யூனிட்டுக்கும் குறைவாகவே தொடங்குகிறார்கள். களைத்த கர்ப்பப்பைக்கு முதலில் கால்சியம் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? தாய் அமைதியாக, குட்டிகளை நக்கிக்கொண்டு படுத்திருந்தால் இரண்டு மணி நேர இடைவெளி கூடப் பரவாயில்லை. பலமாக முக்கியும் அரை மணி நேரத்தில் எதுவும் வரவில்லை என்றால் வண்டியை எடுங்கள். எந்த மருத்துவர் ராத்திரியில் போன் எடுப்பார் என்பதை ஒரு வாரம் முன்பே கேட்டு வைத்திருங்கள்.

அந்தத் தம்பியை உடனே கிளம்பச் சொன்னேன். உள்ளே மூன்று குட்டிகள். ஒன்று தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு அடைத்திருந்தது. அறுத்து எடுத்ததில் ஒன்று மட்டும் உயிரோடு வந்தது. தாய் பிழைத்துவிட்டாள். இத்தனை வருடம் கழித்தும் அந்த ஊசியைக் கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிறார்களே என்று எனக்கு ஆறவில்லை.

பின்னங்கால் தெரிந்ததும் இழுப்பது

பத்துக்கு நாலு குட்டி பின்பக்கமாகத்தான் வரும். நாய்க்கு அது இயல்பு. கால்கள் உள்ளே மடங்கி, வாலும் புட்டமும் மட்டும் தெரிந்தால்தான் சிக்கல், அதற்கு மருத்துவர் வேண்டும். பாதி வெளியே வந்து மாட்டிக்கொண்ட குட்டியை, சுத்தமான துணியால் இடுப்போடு பிடித்து, தாய் முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி மெல்ல இழுக்கலாம். காலை மட்டும் பிடித்து இழுக்கவே கூடாது.

பச்சை நிறம்

நஞ்சுக்கொடியின் ஓரத்தில் கரும்பச்சை நிறமி ஒன்று இருக்கிறது. முதல் குட்டி பிறந்த பிறகு அந்தப் பச்சை நீர் வந்தால் கவலை இல்லை. ஒரு குட்டியும் பிறக்காமல் அது வந்தால் உள்ளே நஞ்சுக்கொடி பிரியத் தொடங்கிவிட்டது, உடனே கிளம்ப வேண்டும். நிறைய பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பயப்பட வேண்டிய நேரத்தில் "சகஜம்தான்" என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதே நிறமி வெளிர் நிறக் குட்டியின் ரோமத்தில் ஏறிவிடுவதும் உண்டு. 2020-இல் இத்தாலியின் சார்டினியா தீவில் ஒரு குட்டி பச்சையாகவே பிறந்து செய்தியில் வந்தது. நம் வெள்ளை ராஜபாளையம் குட்டி இப்படி வந்தாலும் பதற வேண்டாம், சோப்புப் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். சில வாரத்தில் தானாகப் போய்விடும்.

நஞ்சுக்கொடியை எண்ணாமல் விடுவது

குட்டிக்கு ஒன்று. தாய் தின்றுவிட்டால் அதையும் கணக்கில் சேருங்கள். குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், உள்ளே தங்கியது சீழ் பிடிக்கலாம். விதிவிலக்கு உலகத்திலேயே அபூர்வம். தென்னாப்பிரிக்காவில் ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் ஜாதி நாய் ஒன்றுக்குச் சிசேரியன் செய்தபோது இரண்டு குட்டிகள் ஒரே நஞ்சுக்கொடியில் இருந்தன. மரபணுச் சோதனையில் அவை ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்று உறுதியாகி, 2016-இல் வெளியானது. உங்கள் வீட்டில் கணக்கு இடித்தால் அதை இரட்டையர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூச்சு வராத குட்டியைச் சுழற்றுவது

வேண்டாம். மூளையில் ரத்தம் கசியலாம். வாயைத் துடைத்து, துண்டால் முதுகை விடாமல் தேயுங்கள்.

சில்லிட்ட குட்டிக்குப் பால்

முதலில் சூடு, அப்புறம்தான் பால். சில்லிட்ட குடல் செரிக்காது.

சினைக்காலம் முழுக்கக் கால்சியம் டானிக்

நல்லது என்று நினைத்துத்தான் ஊற்றுகிறோம். ஆனால் வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் வேலையை உடம்பு தளர்த்திவிடும். குட்டி போட்டு இரண்டு, மூன்று வாரத்தில் பால் உச்சத்துக்குப் போகும்போது ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கும். இரைக்கும், உடம்பு நடுங்கும், கால்கள் விறைக்கும், காய்ச்சல் கொதிக்கும். சின்ன ஜாதி நாய்களுக்கு அதிகம் வரும். அப்போது டானிக் உதவாது. நரம்பில் மெதுவாக, இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே மருத்துவர்தான் ஏற்ற வேண்டும். குட்டிகளை அன்று தாயிடம் விடாமல் புட்டிப்பால் கொடுங்கள்.